தூணுக்குப் பின்னால் ஒரு கார்

மார்ச் 2

இன்றைக்கும் ரவுண்டானாவில் இடித்தேன். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கணினி ஆட்டம் வந்தது 2012இல். நான் அதில் லாரி ஓட்டத் தொடங்கியும் வருஷக்கணக்காகிறது. ஸ்டீயரிங் இருக்கிறது, பெடல் இருக்கிறது, கியர் இருக்கிறது. பார்ப்பதற்கு மட்டும் பட்டன்! இடப்பக்கம் பார்க்க ஒன்று, வலப்பக்கம் பார்க்க ஒன்று.

ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் வலது ஓரமாகப் போகிறோம். ரவுண்டானாவில் வண்டிகள் இடமிருந்து வரும். டிரைவர் உட்காருவதும் இடப்பக்கம்தான். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தூண் இருக்கிறதே, ஏ பில்லர், அது சரியாக அந்த இடத்தை மறைக்கும். ஒரு முழுக் கார் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நாம் உருளும் வேகமும் அது வரும் வேகமும் ஒத்துப்போனால் கடைசி வரைக்கும் தூணை விட்டு வெளியே வரவே வராது. பட்டனை அழுத்தினால் பார்வை திரும்பும், ஆனால் தலை இருந்த இடத்திலேயே இருக்கும். எட்டிப் பார்க்க வழியில்லை.

மார்ச் 4

ஓப்பன்ட்ராக் போட்டுப் பார்த்தேன். இலவச மென்பொருள். சாதா வெப்கேம் முன்னால் உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தே தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணித்துவிடுகிறது. ஆறு எண்கள் ஆட்டத்துக்குப் போகின்றன: திரும்பல், நிமிர்தல், சாய்தல், அதோடு பக்கவாட்டு, மேல்கீழ், முன்பின் நகர்வு.

முதல் பத்து நிமிஷம் சிரிப்புதான். தும்மினேன், கேபினே குலுங்கியது. அண்ணாந்து தண்ணீர் குடித்தேன், நெடுஞ்சாலையில் எண்பதில் போகிறவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சிரிப்பு போய்விட்டது. அறையில் வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்கும். நொடிக்கு வரும் படங்கள் குறையும். நான் திரும்பி முடித்த பிறகு பார்வை பின்னாலேயே வந்து சேர்கிறது. நடுக்கத்தை மட்டுப்படுத்தும் ஃபில்டரைக் குறைத்தால் டாஷ்போர்டுக்குக் குளிர்ஜுரம். ஏற்றினால் நடுக்கம் நிற்கிறது, தாமதம் கூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்திவிட்டுப் படுத்தேன். தலை சுற்றல் வேறு.

மார்ச் 7

நான் செய்த மடத்தனம் புரிந்தது. 'நிஜமாக' இருக்க வேண்டும் என்று ஒன்றுக்கு ஒன்று வைத்திருந்தேன்: தலை 10 டிகிரி திரும்பினால் பார்வையும் 10 டிகிரி. என் 24 அங்குல மானிட்டரை 65 செ.மீ. தள்ளி வைத்திருக்கிறேன். கணக்குப் போட்டால் கண்ணுக்கு அது மொத்தமே 44 டிகிரி. நடுவிலிருந்து 22 டிகிரி திரும்பினாலே திரையின் விளிம்பு. பக்கக் கண்ணாடியைப் பார்க்க 50 டிகிரி திருப்பினால் நான் பார்ப்பது என் வீட்டுச் சுவரை.

அதனால் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். தலை எவ்வளவு திரும்பினால் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்லும் கோடு, அந்தக் கர்வை வளைத்தேன். முதல் 3 டிகிரிக்கு அசைவே இல்லை, நேராகப் பார்க்கும்போது சாலை ஆடாமல் நிற்க. பிறகு மெதுவாக ஏறி, 20 டிகிரியில் பார்வை 90ஐத் தொடுகிறது. தலை சாய்தலை அறவே அணைத்துவிட்டேன். சாலையே சரிந்தால் யாருக்கு வயிறு தாங்கும்?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தலை இடப்பக்கம் போகும்போது திரையை விடாமல் இருக்கக் கண் வலப்பக்கம் போகிறது. வாழ்க்கையில் ஒரு பக்கத்தைப் பார்க்கத் திரும்பினால் கண்ணும் அந்தப் பக்கம்தான் போகும். ஆனாலும் மூளை ஒத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒன்றைவிட இதுதான் லாரிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 12

முகத்தை நம்பியது போதும் என்று ஹெட்போனில் மாட்ட ஒரு கிளிப் செய்தேன். மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி.களை வரிசையாகக் கோத்து, ஒரு ரெசிஸ்டர் வைத்து, யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் எரிய விட்டேன். எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. பழைய வெப்கேமைப் பிரித்து, லென்சுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் துண்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். அந்த இடத்தில் கழுவிய கலர் ஃபிலிம் ரோலின் கறுத்த நுனியை வெட்டி ஒட்டினேன்; அது சாதா வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும். இப்போது கேமராவுக்கு நான் இல்லை, அறை இல்லை. இருட்டில் மூன்று புள்ளிகள் மட்டும்.

புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து கொடுத்தேன். அப்படியும் தலையைத் திருப்பினால் சீட்டே பக்கவாட்டில் நகர்ந்தது. கழுத்து சுழல்வது ஓரிடம், கிளிப் இருப்பது காதோரம்; அந்த இடைவெளியையும் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் நின்றது.

சாயங்காலம் முதுகுப் பக்கத்து ஜன்னலில் வெயில் இறங்கியது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, கேமராவுக்கு ஜன்னல் நாலாவது விளக்கு. பார்வை துள்ளிப் போய் லாரி கேபினில் பின்னால் இருக்கும் படுக்கையில் விழுந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு ஓட்டினேன்.

மார்ச் 19

பெரியப்பா வந்திருந்தார். 30 வருஷம் லாரி ஓட்டியவர். "என்னடா தலையில் விளக்கு?" என்றார். உட்கார வைத்தேன்.

நெடுஞ்சாலையில் ஐந்து நிமிஷம் ஓட்டினார். பார்வை இம்மியும் அசையவில்லை. கிளிப் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை.

"பெரியப்பா, கண்ணாடியைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்."

அவர் முகத்தைக் கவனித்தேன். கண் மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டு வருகிறது. தலை சாலையை விட்டு நகரவில்லை. "ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பினா ராத்திரி கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்றார். என் கருவிக்குக் கண் தெரியாது. கண்ணையே பின்தொடரும் கருவிகளும் கிடைக்கின்றன. நான் செய்தது அது இல்லை.

ரவுண்டானா வந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. வண்டி மெதுவானதும் பெரியப்பா ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார், முகம் ஒரு சாண் முன்னால் போனது, லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. திரையில் தூண் விலகி, பின்னால் ஒரு வெள்ளைக் கார். பிரேக்கில் கால் வைத்துவிட்டு, "பார்த்தியா, ஒளிஞ்சுக்கிட்டு வரான்" என்றார்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது சீட்டை விட்டு எழுந்தே விட்டார். வண்டி நின்ற கோணத்தை இங்கே எழுதினால் எனக்கு அடுத்த தடவை சோறு கிடைக்காது. பத்து நிமிஷத்தில் மயக்கம் வருகிறது என்று எழுந்துகொண்டார். "உடம்பு ஆடலை, வண்டி மட்டும் ஆடுது. இது எப்படிடா சேரும்?"

மார்ச் 20

திரும்பல் கர்வை இன்னும் சுருக்கினேன். 8 டிகிரியிலேயே இடக் கண்ணாடி திரைக்கு வந்துவிடும்படி. முன்பின் நகர்வைப் பெருக்கியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். சாய்வதில் பொய் வேண்டாம்.

மார்ச் 27

ஆட்டத்தில் பிரான்சின் காலேயில் கப்பலேறி இங்கிலாந்தின் டோவரில் இறங்கினேன். பிரிட்டனில் இடது ஓரம், என் லாரியிலோ ஸ்டீயரிங் இடப்பக்கம். ரவுண்டானாவில் இப்போது வண்டிகள் வலமிருந்து வருகின்றன. கேபினின் முழு அகலத்தையும் தாண்டி அடுத்த சீட் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தூண் தூரத்தில் இருப்பதால் ஒல்லியாகத் தெரிகிறது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே ஒரு சின்னக் கார் ஒட்டிக்கொண்டு வந்தால் தலையை எவ்வளவு உயர்த்தியும் தெரியவில்லை. மேலே இருக்கிற அகலக் கண்ணாடி எதற்கு என்று இன்றுதான் உறைத்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஏப்ரல் 3

வேலை முடிந்து வந்து நேரே உட்கார்ந்துவிட்டேன். முதல் ரவுண்டானாவில் முன்னால் சாய்ந்தேன், தூண் நகரவில்லை. இன்னும் சாய்ந்தேன். மூக்கு மானிட்டரைத் தொடுகிற தூரம். இடி.

ஹெட்போனையே மாட்டியிருக்கவில்லை. அது பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.