நாலு சுரம் யாருக்குச் சொந்தம்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கல்யாண வீடியோ, ரீல்ஸ், கடை விளம்பரம் என்று ஏதாவது இசைவேலை செய்பவர்களிடம் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'இன்னொருவர் பாட்டிலிருந்து ஏழு செகண்டுக்குள் எடுத்தால் கேஸ் வராது' என்பார்கள். சிலர் பத்து செகண்ட் என்பார்கள், சிலர் நாலு பார் (தாளச் சுற்று) என்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாலும் அப்படி ஓர் எண் கிடையாது. 14ஆம் பிரிவில் இருப்பது 'படைப்பு அல்லது அதன் கணிசமான பகுதி' என்ற சொற்கள்தான். கணிசமா என்பதை ஸ்டாப்வாட்ச் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. எடுத்த துண்டைக் கேட்டதும் மூலப் பாட்டு நினைவுக்கு வருகிறதா, அதுதான் கேள்வி.

2008இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஒரு செல்போன் விளம்பரத்துக்கு இசையமைப்பாளர் ராம் சம்பத் போட்ட சின்ன இசைத்துண்டு, ஓர் இந்திப் படத்தின் பாட்டில் வந்தது. எடுத்தது கொஞ்சம்தான் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. அந்த இசையோடு படத்தை வெளியிட இடைக்காலத் தடை விழுந்தது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு பக்கம் போனது. ஒரு பாடகி டிவி நிகழ்ச்சியில் தன் பாட்டுகளின் சில வரிகளைப் பாடிக் காட்டியதை, வழக்கு நடத்தும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்று ஒதுக்கியது. எவ்வளவு நஷ்டம், எடுத்தவரின் நோக்கம் என்ன என்பதையெல்லாம் அங்கே எடைபோட்டார்கள்.

மிகச் சிறிய துண்டுக்கு வருவோம். மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, அதோடு மேல் சட்ஜம், மொத்தம் ஆறு சுரம். இதில் நாலு சுரம் கொண்ட துண்டுகளை எத்தனை விதமாகக் கட்டலாம்? 6×6×6×6, அதாவது 1,296. ச ச ச ச என்பதும் இந்தக் கணக்கில் அடக்கம். இதில் 'க ப த ச' எனக்கு மட்டும் என்று ஒருவர் வேலி போட்டால், மற்றவர்கள் மோகனத்தில் மேலே ஏற வழியே இருக்காது. அதனால்தான் ராகம், ஆரோகணம், அதன் பிடிகள் (ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு தொடர்கள்), தாளம், வழக்கமான கார்டு (chord) வரிசை எதுவும் தனியாருக்குச் சொந்தமாவதில்லை. அமெரிக்காவில் பாப் பாடகி கேட்டி பெர்ரியின் ஒரு பாட்டு மேல் வந்த வழக்கும் இதே புள்ளியில்தான் முடிந்தது. க க க க ரி ரி என்று தொடங்கும் எட்டு சுரத் துண்டுக்காக 2019இல் ஜூரி 27.8 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டே நீதிபதி அதை ரத்து செய்தார், 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இத்தனை எளிய கட்டுமானத்துக்கு ஏகபோகம் தர முடியாது என்பதே காரணம். அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் ரெண்டு செகண்டை வெட்டி ஒட்டலாமே' என்று போகக் கூடாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக நிற்கின்றன. மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. மெட்டுக்கு இசையமைப்பாளரின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதே நாலு சுரத்தை உங்கள் கீபோர்டில் நீங்களே வாசித்தால் மெட்டுக் கேள்வி மட்டும்தான். இன்னொருவர் ட்ராக்கிலிருந்து வெட்டினால் இரண்டுமே வரும்.

புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டன் வழக்கில் இந்தப் பிளவு துலக்கமாகத் தெரியும். குழலில் ஒரே சுரத்தை நிறுத்தி ஊதிக்கொண்டே, அதன் மேல் குரலில் மூன்று சுரம் பாடியிருந்தார். நம் கணக்கில் ச ரி ச, சுத்த ரிஷபம். அந்த ஆறு நொடியைப் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவினர் தங்கள் பாட்டில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒலிப்பதிவுக்கு அவர்கள் ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். மிஞ்சியது மெட்டு மட்டும். அந்த மூன்று சுரம் வழக்குக்குப் போதாது என்று 2003இல் தீர்ப்பு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வெட்டியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும். ஐரோப்பாவில் இரண்டு நொடித் தாளத் துண்டுக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்திருக்கிறது. யூடியூப்பில் ஏற்றும் ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐடிக்கோ சட்டமே தெரியாது. ஒலி பொருந்தினால் க்ளெய்ம் போடும், அவ்வளவுதான். நீங்கள் டிஸ்ப்யூட் செய்தால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். ரெடிமேட் லூப் (திரும்பத் திரும்ப ஓட்டும் இசைத்துண்டு) பயன்படுத்தினால் அதன் லைசென்ஸ் பக்கத்தை அன்றைக்கே பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே லூப்பைப் போட்ட வேறொருவர் கன்டென்ட் ஐடியில் முதலில் பதிந்திருந்தால், உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

நீலகிரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கத்திய பழங்குடியினரான கோத்தர்கள் ஊதும் கொள், சீவாளி வைத்த குழல். அதிலிருந்து நாலு செகண்டை லூப் ஆக்கி, அடியில் பீட் வைப்பது இப்போது பரவலாக ஆசைப்படும் விஷயம். அந்த மெட்டுகள் தலைமுறை தலைமுறையாக வருபவை, இன்னார் போட்டது என்று இல்லை. ஆகவே மெட்டுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஊதியவருக்கு நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, 38ஆம் பிரிவு, 50 ஆண்டு. பதிவு செய்தவருக்கு ஒலிப்பதிவு உரிமை. இரண்டு பேரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். இதில் சட்டம் கண்டுகொள்ளாத ஒன்றும் இருக்கிறது. கோத்தரிடம் சாமிக்கு ஊதுவது வேறு, ஆட்டத்துக்கு ஊதுவது வேறு, சாவுக்கு ஊதுவது வேறு. சாவு மெட்டைத் தேயிலை விளம்பரத்துக்கு அடியில் ஓட்டினால் எந்தப் பிரிவிலும் வழக்கு வராது, ஆனால் அந்த ஊர்க்காரர் காதில் அது எப்படி விழும்? எந்த மெட்டு என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு ரெக்கார்டரை ஆன் செய்யுங்கள்.

சாக்லேட் கடை, ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கேட்பது வேறு: 'என் அஞ்சு செகண்ட் ட்யூனை மற்றவன் எடுக்காமல் இருக்க என்ன வழி?' அதற்குப் பதிப்புரிமையை நம்பாதீர்கள். டிரேட்மார்க், அதாவது வணிக முத்திரைதான் வழி. அமெரிக்காவில் என்பிசி என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் மணியோசை மூன்றே சுரம், கீழ் ப, க, ச. 1950இலேயே முத்திரையாகப் பதிவானது. இங்கே 2017 டிரேட்மார்க் விதிகளின்படி, 30 நொடிக்கு மேற்படாத எம்பி3, கூடவே அதன் நொட்டேஷன் வேண்டும். ஆன்லைனில் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். டீக்கும் சாக்லேட்டுக்கும் 30ஆம் வகுப்பு, தங்குமிடத்துக்கு 43. ஒன்றிரண்டு சுரம் மட்டும் உள்ளவை, குழந்தைகள் பொருளுக்கு நர்சரி ரைம், அந்தப் பொருள் விளையும் ஊருக்கே அடையாளமான இசை ஆகியவற்றை ஏற்பது கடினம் என்று டிரேட்மார்க் பதிவகத்தின் வரைவுக் கையேடே சொல்கிறது. நீலகிரித் தேயிலைக்குப் படுகர் ஆட்ட மெட்டை முத்திரையாக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ட்யூனை வெளியாளிடம் போட்டு வாங்கினால், காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையது ஆகிவிடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கையெழுத்துப் போட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். எந்தத் துண்டு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டு எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும், பகுதி எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வேறு மாதிரி எழுதாதவரை, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை ட்யூன் போட்டவரிடமே திரும்பிவிடும். இந்த மே சீசனுக்கு என்று வாங்கிவிட்டு அடுத்த மே முடியும்வரை ஓட்டாமல் வைத்திருந்தால், அந்தத் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.