காரைக்குடியில் கிடைத்த ஜில்லெட் டெக்: இதுவரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. வெற்றிலைப் பெட்டிகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே கிடந்தது இந்த ரேசர். ஜில்லெட் டெக், இங்கிலாந்துத் தயாரிப்பு. மூடி, அடித்தட்டு, கைப்பிடி, அவ்வளவுதான். மாடல் 1930களின் கடைசியில் வந்தது என்றாலும், அடிப்படை யோசனை 1904-இல் கிங் ஜில்லெட் பெற்ற காப்புரிமையிலேயே இருக்கிறது. பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான், தனியாக எடுத்தால் துவளும். மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துத் திருகி இறுக்கும்போது வளைந்து விறைத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டை விறைப்பாக்கும் இந்த வேலை எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

"புளி போட்டுத் தேய்ச்சிருங்க சார், பளபளன்னு ஆயிடும்" என்றார் கடைக்காரர். குத்துவிளக்குக்கு அது சரி. இது பித்தளை மேல் நிக்கல் பூச்சு. பூச்சு தேய்ந்த இடத்தில் புளிப்பு ஏறினால் அடியிலிருக்கும் பித்தளையை அரிக்கும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். திருகு மரையில் அப்பியிருந்த பச்சைக் களிம்பை மட்டும் பல்குத்தும் குச்சியால் சுரண்ட வேண்டியிருந்தது. கடைசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்.

அடுத்து நுரை. உண்மையில் என் சவரத்தை மாற்றியது ரேசரைவிட இதுதான். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். அதில் சோப்பைக் குழைத்தால் நுரை திப்பி திப்பியாக நின்று, கன்னத்துக்குப் போவதற்குள் வற்றிவிடும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுவதே காரணம். அதே சோப்பு, அதே பிரஷ், ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர்: கெட்டித் தயிர் மாதிரி நுரை எழும்பியது. முகம் கழுவப் போர் தண்ணீரே போதும், குழைக்க மட்டும் நல்ல தண்ணீர். பிளேடு பிளேடாக மாற்றிப் பார்ப்பவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

கோணத்துக்குக் காதுதான் துணை. மூடியைக் கன்னத்தில் படியவைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினால் ஓர் இடத்தில் 'கர்ர்' என்று கேட்கும். அதுதான் கோணம். அழுத்தவே கூடாது, பித்தளையின் எடையே இழுத்துக்கொண்டு போகும். சத்தம் அடங்கினால் அந்த இடத்தில் முடி தீர்ந்தது என்று பொருள்.

கழுத்துதான் இன்னும் வசப்படவில்லை. இடது தாடைக்குக் கீழே எனக்கு ஒரு சுழி. முடி காதைப் பார்த்துப் படுத்திருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்தால் சொரசொரப்பு அப்படியே நிற்கும். விரலால் தடவி முடி சாயும் பக்கம் பார்த்து, தோலைக் காறை எலும்புப் பக்கம் இழுத்துப் பிடித்து, முதலில் அந்தப் பக்கமாகவே ஓட்டுகிறேன். பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்கே. முடி சாயும் பக்கத்துக்கு எதிராக ஓட்டும் எதிர் ஷேவ் கன்னத்தில் மட்டும். கழுத்தில் செய்தால் மறுநாள் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகிறது.

பிளேடு இப்போதைக்கு 7 ஓ'கிளாக் மஞ்சள் பாக்கெட். டெக்கில் பிளேடு விளிம்பு கொஞ்சம்தான் வெளியே தெரியும் என்பதால் கூர்மையான பிளேடுதான் இதற்கு ஒத்துவருகிறது. முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரம். எரிகிற இடம் எங்கே அழுத்திவிட்டேன் என்று காட்டிக்கொடுக்கும். இந்த வாரம் எரிச்சல் சுழியருகே மட்டும்தான். அடுத்து 1 முதல் 9 வரை திருகி இடைவெளியை மாற்றக்கூடிய பழைய ஜில்லெட் ஸ்லிம் ஒன்றைத் தேடுகிறேன். கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.