வெள்ளை பாய்ந்த இலைக்குத் தொட்டிக் கலவை

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

இலையில் வெள்ளை கலந்த கொடியான மான்ஸ்டெரா ஆல்போ இன்று சென்னை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ‘வேரிகேட்டட்’ என்று சொல்லிப் பச்சைச் செடியைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கப்படும் இந்தச் செடியில் இப்போதைக்கு இரண்டே இலைகள்தான். ஒன்று பாதிக்கு மேல் வெள்ளை. மற்றதில் சுண்ணாம்பைத் தெளித்தாற்போல் திட்டுகள். நர்சரியிலிருந்து வந்த கறுப்புப் பையில் செம்மண்ணும் தொழு உரமும் கொஞ்சம் மணலும் இருந்தன. மொட்டைமாடி வெயிலில் நிற்கும் செம்பருத்திக்கோ முல்லைக்கோ அந்தக் கலவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தால், தண்ணீர் விட விட அது இறுகி, வேருக்குக் காற்றே போகாமல் செய்துவிடும்.

தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள மழைக்காடுகளில் மான்ஸ்டெரா மரங்களைப் பற்றி ஏறும் கொடி. இலைச்சருகிலும் பாசியிலும் மரப்பட்டை இடுக்கிலும் பரவும் அதன் வேர்கள், மழையில் நனைவதற்கும் மழை விட்டதும் காற்றாடுவதற்கும் பழகியவை. ஆல்போவுக்கு இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் உணவு தயாரிக்கும் பொறுப்பு முழுவதும் பச்சைப் பகுதியின் தலையில் விழுகிறது. அதனால் வளர்ச்சி மந்தம், வேரும் குறைவு, குடிக்கும் தண்ணீரும் குறைவு. பச்சை மான்ஸ்டெரா சில நாளில் உறிஞ்சித் தீர்த்துவிடும் ஈரம், அதே கலவையில் ஆல்போவின் வேரைச் சுற்றி வெகுநாள் நிற்கும். இந்தச் செடியால் இயலாத அந்த வேலையைக் கலவைதான் செய்தாக வேண்டும் என்ற கணக்கோடு பொருள்களைச் சேர்க்கப் போகிறேன்.

2024 ஆகஸ்ட் 24, சனி

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 5 கிலோ கோகோ பீட் கட்டி ஒன்றை வாங்கி ஊற வைத்தேன். தென்னை நார்க்கழிவு நமக்கு மலிவாகக் கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் அதில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் உப்பாக ஏறியிருக்கும். ‘கழுவியது’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை ஊறிய தண்ணீரில் வைத்துப் பார்த்த பிறகே நம்புவது என் வழக்கம். முதல் தண்ணீர் தேயிலை வடிநீரின் நிறத்தில் வந்தது. மீட்டர் எண்ணும் குழாய்த் தண்ணீரைவிட மிகவும் உயர்ந்திருந்தது. இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை அலசிப் பிழிந்தேன்.

அலசுவதோடு வேலை முடியாது. நார்த்துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுவதும் அசைந்து கொடுப்பதில்லை. பின்னாளில் நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் தன்னிடம் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு மாற்றாகப் பழைய உப்பை வேர்ப்பக்கம் வெளியே விடும். அந்தப் பரிமாற்றத்தை வாளியிலேயே முடித்துவிடுவதற்காக, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கால்சியம் நைட்ரேட் கரைத்து, நாரை அதில் இரவு முழுவதும் ஊற விட்டிருக்கிறேன். நாளை காலை மறுபடி அலச வேண்டும்.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

கலவை தயாராகிவிட்டது. ஒரே குவளையால் அளந்து, தேங்காய் மட்டைத் துண்டு மூன்று பங்கு, கோகோ பீட் இரண்டு பங்கு, பெர்லைட் இரண்டு பங்கு, விரல் நுனி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு எனச் சேர்த்தேன். மட்டைத் துண்டையும் நாரைப் போலவே ஊறவைத்து அலச வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெர்லைட் என்பது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பொரிய வைத்த எரிமலைக் கண்ணாடி. அதன் தூள் மூச்சில் ஏறக்கூடாது என்பதால் பையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கை வைத்தேன். வேப்பம் புண்ணாக்கு மாடித்தோட்டத்துக்கு நல்லது. ஆனால் மூடிய அறையில் அதன் நாற்றத்தைச் சகித்துக்கொள்ளும் பொறுமை எனக்கு இல்லை.

ஈரக் கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால், உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். உதிர்ந்தது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போடவில்லை. கல் போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது, ஆனால் நடப்பது நேர்மாறு. நுண்ணிய கலவையில் பிடிபட்ட தண்ணீர், கல்லுக்கு இடையிலுள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. கலவையின் கீழடுக்கு முற்றிலும் நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். அந்த நிறைந்த அடுக்கின் உயரத்தைத் துகள்களின் பருமன்தான் தீர்மானிக்கிறது. கல் அதை அப்படியே மேலே தூக்கி வேரோடு சேர்த்துவிடுகிறது. சந்தேகம் உள்ளவர்கள், நர்சரித் தொட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, சொட்டுவது நின்ற பின் அதைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். அதுவரை அடியில் பதுங்கியிருந்த தண்ணீர் மறுபடி ஒழுகும். குட்டையான அகலத் தொட்டியை நான் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம்: தேங்கும் அடுக்கின் உயரம் மாறாது, அதற்கு மேல் வேருக்கு மிஞ்சும் இடம்தான் குறையும்.

2024 அக்டோபர் 19, சனி

சிறு கறுப்புக் கொசு போன்ற பூஞ்சை ஈக்கள் தொட்டி மேல் பறக்கின்றன. மேல்பரப்பு ஈரமாகவே இருந்தால் மட்கும் பொருளைத் தேடி வரும் பூச்சி இது. இரண்டு மஞ்சள் ஒட்டும் அட்டைகளைச் செருகி, மேல் கலவையைக் காய விட்டிருக்கிறேன். இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு கரையைக் கடந்தது. இந்த மழைக்காலக் காற்றில் வீட்டுத் துணியே காய்வதில்லை. ஆல்போவின் தொட்டியில் வெகுநாளாகத் தண்ணீர் விடாமலிருந்தும், அடிவரை செருகி எடுத்த மூங்கில் குச்சி கறுத்து ஈரமாகத்தான் வந்தது. ஆனால் முகர்ந்து பார்த்தால் புளித்த வாடை இல்லை. ஈரமும் காற்றும் ஒருசேர இருக்கும் இந்த நிலைக்காகத்தான் மட்டைத் துண்டும் பெர்லைட்டும். ‘வாரம் ஒரு முறை’ என்று நாள் குறித்துத் தண்ணீர் விடுவது நமது ஐப்பசி, கார்த்திகைக்கு ஒத்துவராது. குச்சி சொல்வதைக் கேட்பதே சரி.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளைப் பகுதியின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. வெள்ளைத் திசு பச்சையைவிட மென்மையானது. வெயிலானாலும் உப்பானாலும் முதல் அடி அதற்குத்தான். இங்கே வெயில் காரணமில்லை. எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீரும் கலந்து வருவதால், அதிலுள்ள பைகார்பனேட் மெல்ல மெல்லக் கலவையின் அமிலத்தன்மையைக் குறைத்து, மேல்விளிம்பில் வெண்படலமாகப் படிந்திருக்கிறது. மான்ஸ்டெராவுக்கு 5.5 முதல் 6.5 வரையான பிஹெச் (அமில, கார அளவு) போதும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கலவையில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும்.

வடியும் தண்ணீரின் டிடிஎஸ், ஊற்றிய தண்ணீரினுடையதைப் போல மூன்று மடங்கு இருந்தது. வடகிழக்குப் பருவத்தில் பிடித்து வைத்த மழைநீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு, மெதுவாக ஊற்றி வடிய விட்டேன். பழுத்த ஓரம் இனி வெள்ளையாகாது. அடுத்த இலையைத்தான் பார்க்க வேண்டும். பராமரிப்பு என்றால் உரம் போடுவது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் உப்பை வெளியேற்றுவதுதான் அதில் பெரும்பங்கு.

2025 மே 10, சனி

அக்னி நட்சத்திரம். கலவை இப்போது விரைவாகக் காய்கிறது. மட்டைத் துண்டு முழுவதும் உலர்ந்துவிட்டால் மேலிருந்து ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடுகிறது என்பதால், தொட்டியை வாளியில் அரை மணி நேரம் இறக்கி வைத்து எடுக்கிறேன்.

ஆஸ்மோகோட் போன்ற, மேலுறையிட்ட மெதுவாகக் கரையும் உரங்களைப் பற்றி ஒன்று குறித்து வைக்கத் தோன்றுகிறது. உரப் பையில் அச்சிடப்பட்டிருக்கும், சத்து எத்தனை மாதம் வரும் என்ற கணக்கு 21 டிகிரி செல்சியஸை வைத்துச் சொல்லப்படுவது. சென்னைக் கோடையில் அதே மணிகள் தம் சத்தை வேகமாக விட்டுவிடும். சொன்ன அளவைக் கொட்டினால், பிப்ரவரியில் கழுவி வெளியேற்றிய உப்பு மறுபடி வந்து சேரும். நான் பாதியளவே போட்டிருக்கிறேன்.

2025 ஜூலை 13, ஞாயிறு

கலவை மேல்விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததால் செடியை வெளியே எடுத்துப் பார்த்தேன். சேம்புக் குடும்பத்துச் செடி ஆகையால் சேனைக்கிழங்கு நறுக்கும்போது அரிப்பதைப் போலவே இதன் பாலும் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டேன். வேர்கள் வெண்மையாக, கரித்துண்டுகளைக் கவ்விப் பிடித்திருந்தன. ஒரு துண்டின் விரிசலுக்குள்ளேயே பொடிவேர் நுழைந்திருந்தது. கோகோ பீட் அடியில் கூழாகத் தொடங்கியிருந்தது. ஆகவே புதுக் கலவையில் அதை ஒரு பங்காகக் குறைத்து, மட்டைத் துண்டை நான்கு பங்காக்கினேன்.

கடைசியாக விரிந்த இலை ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி பச்சை. எந்த மண்ணில் வெள்ளை கூடும் என்று மேல்வீட்டு அக்கா கேட்டார். எந்த மண்ணாலும் வெள்ளை அதிகமாகாது. பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் வளர்நுனியில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்ததே அது. வெள்ளை குறைந்துகொண்டே போனால், வெள்ளைக் கோடு நன்றாக ஓடும் கணு வரை தண்டை வெட்டிவிடுவதைத் தவிர வழியில்லை.

பெரிய தொட்டிக்கு மாற்றவில்லை. வேர் இன்னும் சுவரைத் தொட்டுச் சுற்றவில்லை. தேவைக்கு மேற்பட்ட கலவை, யாரும் குடிக்காத தண்ணீரைத்தான் பிடித்து வைத்திருக்கும். மிச்சக் கலவையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த கோடைக்கு முன் மேலே நிரப்ப அது போதும்.