பினாங்கில் டிராம்போனுக்குப் பாகம் தேடி

ஸ்லைடு என்ற நீளும் குழாயை முன்னும் பின்னும் தள்ளிச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுவாத்தியம் டிராம்போன். பழைய டிராம்போனில் முதலில் கெட்டுப்போவது பித்தளை அல்ல. உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சாவியின் கார்க், அந்தச் சாவியை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், ஸ்லைடு முதல் நிலைக்குத் திரும்பும்போது மோதுகிற இடத்தில் இருக்கும் கம்பளித் துண்டு, இவைதான் முதலில் போகும். எல்லாமே சின்னப் பொருள். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பாகத்தின் விலையை அனுப்பும் செலவு விழுங்கிவிடும். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மாமாவின் டிராம்போன் இந்தக் காரணத்தால்தான் ரொம்ப காலம் பெட்டியிலேயே கிடந்தது. தேவாலய பேண்டில் வாசித்த மனிதர் அவர். அந்த வாத்தியம் மறுபடி ஒலிக்க வேண்டும் என்ற ஆசை அவரைவிட எனக்கு அதிகம்.

பாகம் தேட மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய சாமான், மீன்பிடிக் கருவி, தையல் சாமான், நகைப் பட்டறை என்று எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கிற ஊர் அது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் மின்சார ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து படகில் தீவுக்குப் போனேன். ஸ்லைடை மாமா தர மறுத்துவிட்டார், அது சரிதான். வாய் விரிந்த மணிப் பகுதியையும் கழன்ற சின்னச் சின்னப் பாகங்களையும் மட்டும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன்.

கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். உள் ஸ்லைடு குழாயின் துளை விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். டெனர் டிராம்போனில் 12.7 மில்லிமீட்டர் துளை ஒரு பரவலான அளவு. 13.9 மில்லிமீட்டருக்கு ஒட்டிய பெரிய துளை இன்னொன்று. சின்னத் துளைக்கு ஒல்லித் தண்டுள்ள மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பாகம்), பெரியதற்குத் தடித்த தண்டு. இரண்டும் மாறினால் பயனில்லை: ஒன்று ஆடும், மற்றது உள்ளே போகாது. மாமாவுடையது பெரியது, கட்டைவிரலால் அழுத்திக் கூடுதல் குழாயைத் திறக்கும் எஃப் டிரிகரும் உண்டு.

காலையில் முதலில் லோரோங் கூலிட் போனேன். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் கூடும் பழம்பொருள் சந்தை அது. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். கைக்கடிகாரம், பழைய நாணயம், துருப்பிடித்த ஸ்பேனர், ரேடியோ எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். அந்தக் குவியலுக்குள் நசுங்கிய டிராம்போன் மணி ஒன்று கிடந்தது. ஏதோ பள்ளி பேண்டில் கழித்துவிட்டதாக இருக்க வேண்டும். மணியையும் ஸ்லைடையும் இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையம் அதில் முழுசாக இருந்தது. மாமாவுடையதில் மரை தேய்ந்துபோயிருந்தது. இந்த மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையோடு கொண்டுபோன மணியில் அங்கேயே திருகிப் பார்த்தேன், வழுக்காமல் ஏறியது. கடைக்காரர் முழு மணியையும் எடுத்துக்கொண்டால்தான் தருவேன் என்றார். சரி என்று பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். 

அடுத்து டிரிகரின் கயிறு. சில டிராம்போன்களில் விரல் நெம்புகோலிலிருந்து, காற்றுப் பாதையை மாற்றும் ரோட்டர் வால்வுக்கு விசையைக் கொண்டுபோவது ஒரு மெல்லிய கயிறு. அதற்கு மீன்பிடிக் கடையில் கிடைக்கும் பின்னல் நூல் நன்றாகப் பொருந்துகிறது. ஒற்றை இழை நைலான் வேண்டாம், அது நீளும், முடிச்சும் நழுவும். ஒரு சின்ன உருளை வாங்கினாலே ஆயுசுக்கும் போதும். பழைய கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அது எப்படிச் சுற்றியிருக்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். எட்டு வடிவில் போகும் அந்தச் சுற்றை நினைவிலிருந்து கட்டுவது கஷ்டம்.

கார்க் கிடைப்பது சுலபம். ஒயின் பாட்டிலின் முழு இயற்கைக் கார்க் போதும். தூளை ஒட்டிச் செய்த கார்க் சீக்கிரம் உதிர்ந்துவிடும். புது பிளேடால் வட்டமாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, சாவியின் கிண்ணத்தில் ஒட்டி, துளையின் விளிம்பில் ஒரே மட்டமாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் காற்று கசியும், கீழ் சுரங்கள் உடையும். ஸ்லைடு மோதும் இடத்துக்கான கம்பளி, சீன எழுத்தோவியத் தாளுக்கு அடியில் விரிக்கும் தடித்த விரிப்பிலிருந்து வெட்டியது. சுருதி சரிசெய்யும் டியூனிங் ஸ்லைடுக்கு மசகாக, மருந்துக் கடையில் வாங்கிய லானோலின் என்ற கம்பளிக் கொழுப்பு.

மதியம் நாசி கண்டார் சாப்பாட்டை முடித்துவிட்டு லிட்டில் இந்தியா போனேன். மணிப் பகுதியில் குழாய்களை ஒன்றோடொன்று பிடிக்கும் ஒரு தாங்குகம்பியின் ஒட்டு விட்டுப்போயிருந்தது. லெபோ பாசார் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க ஊதுற சூட்டுக்கு இது தாங்காது தம்பி. ஒண்ணை ஒட்டப் போயி பக்கத்துல இருக்கிற நாலு ஒட்டும் கழண்டு வந்துடும். ரேடியேட்டர் பட்டறையில ஈயம் வைக்கிற ஆளைப் பாருங்க."

"வேற ஏதாவது பார்த்துக்கணுமா ஐயா?"

"பக்கத்து ஒட்டுல ஈரத்துணி சுத்தச் சொல்லுங்க."

காசு வாங்கவில்லை. எத்தனை சரியான யோசனை அது! டிராம்போனின் தாங்குகம்பிகளை ஒட்டியிருப்பது ஈயமும் தகரமும் கலந்த, குறைந்த சூட்டில் உருகும் பற்று (சால்டர்). தகரம் 63, ஈயம் 37 என்ற கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைக்கத் தெரிந்தவருக்கு இந்த வேலை பழக்கமானது. அப்படி ஒரு ரேடியேட்டர் பட்டறைக்காரர் ஈரத்துணி சுற்றி, சில நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் மூச்சு நின்று வந்தது.

ஆனால் ஸ்லைடில் இப்படி யாரையும் கை வைக்க விடாதீர்கள், நீங்களும் வைக்காதீர்கள். உள் குழாய்களின் நுனியில் கொஞ்சம் தடித்த ஒரு பகுதி உண்டு. வெளிக்குழாயில் உரசுவது அதுதான், வழுக்குவதற்கான கிரீமும் அங்கேதான் தடவ வேண்டும். இரண்டு குழாயும் துல்லியமாக இணையாக இருந்தால்தான் ஸ்லைடு வழுக்கி ஓடும். வீட்டில் செய்யக்கூடியது சோதனை மட்டும்: வெளி ஸ்லைடின் ஒரு காலை மட்டும் உள்குழாயில் மாட்டி நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக விட்டுப் பார்த்து மறு கையில் தாங்க வேண்டும். தன் எடையிலேயே தடையில்லாமல் இறங்கினால் அந்தக் கால் நன்றாக இருக்கிறது. பிறகு மறு காலுக்கும் அதையே செய்ய வேண்டும். மாமாவுடையதில் ஒரு பக்கம் நடுவில் இழுத்தது. அதைக் கோலாலம்பூரில் வாத்தியம் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். பினாங்கில் வாங்கிய மொத்தச் சாமானையும் சேர்த்தாலும் அந்த ஒரு வேலைக்கான கூலிக்குக் கீழேதான். அந்தக் கூலி கொடுக்கத் தகுந்ததே. சில்லறைப் பாகங்களில் மிச்சம் பிடித்த காசைப் போட வேண்டிய இடம் அதுதான்.

இன்னும் கிடைக்காதது ஸ்லைடைப் பூட்டும் வளையம். இருக்கும் வளையம் பூட்டாமல் சுழல்கிறது, தூக்கிப் போகும்போது கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் பள்ளியிலோ கோயில், தேவாலய பேண்டிலோ பழைய டிராம்போனைக் கழிக்கப் போகிறார்கள் என்றால், எடைக்குப் போடும் முன் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். எவ்வளவு நசுங்கியிருந்தாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.