வலப்பக்க சீட்டுக்காரர்

ஏப்ரல் 10, 2019

காலையில் காபிக்கு முன்னாலேயே ஃபோனில் செய்தி. ரிச்சர்ட் கோல் நேற்று டெக்சஸில் சான் அன்டோனியோவில் காலமாகிவிட்டார். வயது 103. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து 16 பி-25 விமானங்களில் ஜப்பான் மேல் குண்டு போடக் கிளம்பிய 80 பேரில் கடைசி ஆள். முதல் விமானத்தின் துணை விமானி.

இரண்டு வருஷமாகப் பரணில் தூங்கிய பி-25 மாடல் பெட்டியை இறக்கினேன். 18-ஆம் தேதிக்குள் ஒட்டி முடிக்க வேண்டும்.

ஏப்ரல் 11

கோலுக்கு அப்போது 26 வயது. அவருடைய விமானிக்கு உடம்பு முடியாமல் போக, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஜிம்மி டூலிட்டில், தாக்குதலின் தலைவர். வகுப்பில் பக்கத்து பெஞ்சில் ஹெட்மாஸ்டர் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்!

துணை விமானி என்றால் சும்மா கூட வருகிறவர் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. டூலிட்டிலுக்கு முன்னால் இருந்த ஓடுதளம் 467 அடி. தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்றில் மூக்குச் சக்கரம், இன்னொன்றில் இடப்பக்கச் சக்கரம். கோடு பிசகாமல் ஓடினால் வலது இறக்கை நுனி கப்பலின் கோபுரத்தை ஆறடி தள்ளிக் கடக்கும். இடப்பக்க சீட்டுக்காரருக்குத் தெரிவது கோடு. வலப்பக்க ஜன்னலில் துணை விமானிக்குத் தெரிவது அந்தக் கோபுரம். அதைப் பார்த்துக்கொண்டே இஞ்சின் முட்களிலும் ஒரு கண் வைத்து, சக்கரம் தளத்தை விட்டதும் உள்ளே மடக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து வருகிற வேலையா இது?

ஏப்ரல் 13

மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டு மூன்று வைத்தேன். இல்லாவிட்டால் இந்த மாடல் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும்.

வாலில்தான் வேடிக்கை. அங்கே துப்பாக்கி கிடையாது. பின்னால் துரத்தி வருகிறவன் பயப்படட்டும் என்று துடைப்பக் கம்புகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துச் செருகியிருந்தார்கள். பெட்டியில் அதற்குப் பாகம் ஏதும் இல்லை. சமையலறைத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி, இரண்டாக நறுக்கிக் கறுப்படித்தேன். துடைப்பத்துக்குத் துடைப்பமே!

"புதுத் தொடப்பம்ங்க அது" என்றாள் வீட்டுக்காரி.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, பாயசம், தூக்கம். பசை டியூபைத் தொடவில்லை.

சாயங்காலம் கோலின் அந்த இரவைப் பற்றிப் படித்தேன். ஜப்பானியக் காவல் படகு ஒன்று கப்பலைப் பார்த்துவிட்டதால், திட்டமிட்டதற்குப் பத்து மணி நேரம் முன்னதாகவே புறப்பட வேண்டியதாயிற்று. அந்தக் கூடுதல் தூரம் பெட்ரோலைத் தின்றது. டோக்கியோவில் தீக்குண்டுகளைப் போட்டுவிட்டுச் சீனாவுக்குள் போனால் இருட்டு, மழை, இறங்க இடமில்லை. சுமார் 13 மணி நேரம் பறந்தபின் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். பாராசூட் கயிற்றைக் கோல் பலமாக இழுத்த இழுப்பில் கை அவர் கண்ணிலேயே இடித்து, கண் கறுத்து வீங்கிவிட்டது. பாராசூட் பைன் மரத்தில் சிக்க, விடியும்வரை மரத்திலேயே இருந்தார். டூலிட்டில் விழுந்தது எருப்போட்ட நெல்வயலில். தலைவருக்குச் சாணி, துணைவருக்கு மரம்!

ஏப்ரல் 16

நேற்று அலுவலகத்திலிருந்து வரவே பத்து மணி. இன்று ஆலிவ் பச்சை முதல் பூச்சு.

கோல் வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. இந்தியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு விமானம் ஓட்டியிருக்கிறார். 1944 மார்ச்சில் பர்மாக் காட்டுக்குள் படைகளை இறக்கியபோது கிளைடர்களை (இஞ்சின் இல்லாத விமானங்களை) இழுத்துப்போன விமானப் பிரிவிலும் இருந்தார். ஒரு விமானத்தின் வாலில் இரண்டு கிளைடர்கள், கிளம்பிய இடம் அஸ்ஸாமின் லாலாகாட். எல்லோரும் எழுதுவது அந்த ஒரே நாளைப் பற்றி; மற்றதை நானே தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 17

இன்று பெயின்ட் அடிக்கக் கை வரவில்லை. விமானிகளைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்கள் சீனக் கிராமத்து ஜனங்கள். அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களுக்குள் புகுந்தது. கொல்லப்பட்ட சீனர்கள் சுமார் 2,50,000 என்று மதிப்பிடுகிறார்கள். பிடிபட்ட விமானப்படையினர் எட்டுப் பேர். அவர்களில் மூவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஏப்ரல் 19

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை விரலோடு காக்பிட்டில் உட்கார்ந்தேன். நகத்தில் ஓட்டு மையும் மாடல் பெயின்டும் ஒன்றாகிவிட்டன.

அந்த 80 பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளிக் கோப்பை உண்டு. பெயரை நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை பொறித்திருப்பார்கள். ஆள் இறந்தால் கோப்பையைக் கவிழ்ப்பார்கள். கவிழ்ந்தபின்னும் பெயர் படிக்கும்படி இருக்கும். 2013-இல் கடைசிக் கூடுகையில், டூலிட்டில் பிறந்த 1896-ஆம் வருஷத்து கோன்யாக் பிராந்தி பாட்டிலைத் திறந்தவர் கோல். நேற்று ராண்டால்ஃப் விமானத் தளத்தில் அவர் கோப்பையையும் கவிழ்த்தாயிற்று.

மாடலில் இரண்டு பொம்மைகள், அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகம். வலப்பக்கத்தவருக்கு மட்டும் குண்டூசி முனையால் கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன்.

மகள் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, குதிச்சப்புறம்தானே வீங்குச்சு? பிளேனுக்குள்ள எப்படிப்பா?"

சரிதான். ஆனால் கண்ணாடி மூடியை அதற்குள் ஒட்டிவிட்டேன்.