குருநகர்ச் சுறாவும் கென்ற் கடற்கரைப் பல்லும்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு விலங்கியல் படிப்பித்த சேர் படம் கீறிக் காட்டுவதோடு நிற்பவர் அல்லர். ஒருநாள் குருநகர்ச் சந்தையிலிருந்து ஒரு சுறாத் தலையை உரப்பையில் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து ஆய்வுகூட மேசையில் வைத்தார். உடல் யார் வீட்டில் வறையானதோ தெரியாது. மணம் தாங்காமல் அதிபரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாடையை அவித்துச் சதை கழற்றியபின் பற்களை எங்களிடம் தந்து, எது மேல், எது கீழ் என்று பிரிக்கச் சொன்னார். அந்தச் சுறாவின் மேல்பல் அகலம். ஓரத்தைத் தடவினால் விரலை அறுக்கும். கீழ்ப்பல் ஒடுங்கி நேராக நின்றது. கீழ் பிடிக்க, மேல் வெட்ட. முன்வரிசை விழ விழப் பின்வரிசை நகர்ந்து வரும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கும். அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் உக்கிப்போய்விடும். உயிர்ச்சுவடாக, அதாவது புதைந்து கல்லாகிய எச்சமாக, பற்களே அதிகம் கிடைப்பது அதனால்தான்.

இப்போது இங்கிலாந்தின் கென்றில், ஹேர்ன் பே கரையில், கடல் வற்றும் நேரம் பேரப்பிள்ளைகளோடு குனிந்து திரியும்போது அந்தப் பாடம்தான் கைகொடுக்கிறது. அங்கே 5 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மணற்சுறாப் பற்கள் கிடைக்கின்றன: நீண்டு மெலிந்தவை, உட்புறத்தில் நுண்ணிய வரிகள் ஓடும். பளபளப்பான பல்முடியும் (பல்லின் மேற்பகுதி) மங்கலான கவட்டை வேரும் சேர்ந்திருந்தால் பல் என்று துணிந்து சொல்லலாம். கறுப்பென்றால் கூடுதல் பழசு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, நிறம் புதைந்துகிடந்த மண்ணின் கனிமங்களால் வருவது.

எலும்பைக் கல்லிலிருந்து பிரித்தறிவதுதான் சிக்கல். உடைந்த முகத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்றொரு சோதனையும் உண்டு. களிமண்ணும் ஒட்டும், ஆகவே நான் அதை நம்புவதில்லை. இருபுறமும் குழிந்த சிறு வட்டு கிடைத்தால் அது சுறாவின் முதுகு முள்ளென்பாக இருக்கலாம். சீப்புகளை நெருக்கி அடுக்கியதுபோல் ஒரு துண்டு கிடைத்தால் திருக்கையின் பல்தட்டு.  

ஊரில் கிணறு வெட்ட வெடிவைத்து எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் மயோசீன் காலக் கடலில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) படிந்ததே. மெகலோடன் என்ற, இப்போது அழிந்துபோன இராட்சதச் சுறா அந்தக் காலத்திலும் வாழ்ந்தது. அதன் பல் 15 சென்ரிமீற்றரையும் தாண்டும். அந்தக் கல்லில் சிப்பி அச்சுகளைக் கண்டும் நாங்கள் மதில்தான் கட்டினோம். இப்போது அங்கே படிக்கும் பிள்ளைகள் அதை மதிலுக்கு ஏற்றமுன் ஒருக்கால் கழுவிப் பார்க்கட்டும். பளபளவென்று ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் உளியால் கிண்டவேண்டாம். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று எழுதிவைத்து, கல்லோடு சேர்த்தே பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள்.