விறகுக்குள் எவ்வளவு தண்ணீர்? ஏழு மாதம் எடை போட்டுப் பார்த்தேன்

திருமங்கலத்துக்கு வெளியே எங்கள் வீடு. பின்கட்டில் இரண்டு மண் அடுப்பு உண்டு. ஒன்று வெந்நீருக்கு, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு. போன கார்த்திகையில், அடைமழை நேரத்தில், அவசரத்துக்கு வாங்கி வந்த சீமைக்கருவேல விறகு அடுப்பில் நின்று எரியவே இல்லை. அப்பத்தா ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்துபோனார். கட்டையின் வெளிமுனையில் நுரை தள்ளி, சொய்யென்ற சத்தத்தோடு பழுப்பாக நீர் சொட்டியது. "விறகு அழுவுதுடா. இந்தத் தண்ணியவும் சேத்துத்தான நிறுத்து வாங்கிட்டு வந்திருக்க?" என்றார்.

அந்தக் கேள்வி மனசில் நின்றுவிட்டது. கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் மரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? சரி, கணக்காகவே பார்த்துவிடலாம் என்று இந்த வருஷம் பிப்ரவரியில் ஆரம்பித்தேன்.

விறகுக்கடையில் அன்றைக்குத்தான் கள்ளிக்குடிப் பக்கத்திலிருந்து பச்சை லோடு இறங்கியிருந்தது. கிலோ 8 ரூபாய் என்று 500 கிலோ எடுத்தேன். "காஞ்சது 10 ரூவா, அது வேணாமா தம்பி?" என்று அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டார். பச்சைதான் வேண்டும், நானே காயவைத்துப் பார்க்கப்போகிறேன் என்றதும், உள்ளேயிருந்து வளைவு இல்லாத கட்டைகளாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

சீமைக்கருவேலத்தை எடுத்ததற்குக் காரணம், எங்கள் பக்கம் கண்மாயிலும் கரிசல் தரிசிலும் அதுதான் நிறைந்து கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கே நடந்தது. வேரோடு பிடுங்காமல் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்துவிடும். தண்ணீரை உறிஞ்சும், மற்றதை வளரவிடாது என்று அதன்மேல் ஆயிரம் குறை சொன்னாலும், விறகு என்று பார்த்தால் நல்ல விறகு. கனமான மரம், கங்கு வெகுநேரம் நிற்கும். முள்ளில் மட்டும் கவனம் வேண்டும். குத்தினால் இரண்டு நாளைக்கு வீங்கிக் கடுக்கும்.

முதல் வேலை, மரத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கண்டுபிடிப்பது. கட்டையின் முனையில் எடுத்தால் தப்பு. முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அதனால் நடுவில் அறுத்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை எடுத்தேன். சமையலறைத் தராசில் 212 கிராம். வீட்டில் கேக் செய்யும் ஓவனை 105 டிகிரியில் வைத்து, வில்லையை நாலாகப் பிளந்து உள்ளே வைத்தேன். மணிக்கு ஒரு தடவை எடுத்து எடை. முதல் மூன்று மணி நேரம் எடை சரசரவென்று இறங்கியது, அப்புறம் மெதுவாக. தொடர்ந்து இரண்டு தடவை ஒரே எடை காட்டினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். கடைசியில் 138 கிராமில் நின்றது. (ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டிய வேலை இது. சூட்டை ஏற்றினால் மரம் கருக ஆரம்பித்துவிடும்.)

212-இல் 74 கிராம் தண்ணீர். அதாவது நூற்றுக்கு 35. நான் வாங்கிய 500 கிலோவில் 175 கிலோ தண்ணீர். நாலாயிரம் ரூபாயில் 1,400 ரூபாயைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததும் ஒரு நல்ல வசதி கிடைத்தது. ஒரு கட்டையின் எடையும் அதில் உள்ள நீரின் அளவும் தெரிந்துவிட்டால், எந்த எடைக்கு இறங்கினால் அது எரிக்கத் தயார் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அடுப்புக்கு நூற்றுக்கு 20-க்குக் கீழே ஈரம் இருந்தால் போதும். மாதிரிக்கு எடுத்த பிளந்த கட்டை 3,140 கிராம். அதில் வெறும் மரம் 65 பங்கு, அதாவது 2,041 கிராம். ஈரம் 20 என்றால் மரம் 80 பங்கு, அதனால் அதை 0.8-ஆல் வகுத்தால் 2,551. அந்த எண்ணைக் கட்டையின் முகத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிட்டேன். இனி ஈரமானி கூடத் தேவையில்லை, தராசு போதும். அதே மரத்தின் கிளை ஒன்றைப் பட்டையோடு, பிளக்காமல் உருளையாக வைத்தேன். முன்கைப் பருமன், 3,060 கிராம். அதற்கு இலக்கு 2,486. இரண்டும் இரண்டடி நீளம்.

மற்றதையெல்லாம் பிளந்தேன். சீமைக்கருவேலம் பச்சையில் கோடரிக்கு நன்றாகவே கொடுக்கும். கவை விழுந்த இடத்தில் மட்டும் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் போட வேண்டியிருந்தது. காய்ந்தபிறகு பிளக்கலாம் என்று விட்டால் இரும்பாகிவிடும். மூன்று நாள் வேலை.

அடுக்குவதற்கு, அடியில் ஹாலோ பிளாக் கற்களைப் பரப்பி, மேலே இரண்டு சவுக்குக் கம்பு. தரையில் நேராக வைத்தால் கரையான் ஏறிவிடும். அடுக்கின் நீட்டுப் பக்கம் மேற்கைப் பார்த்து இருக்கும்படி போட்டேன், காற்று ஊடே புகுந்து போகவேண்டும் என்று. அளந்து பார்த்தால் ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம், இரண்டடி ஆழம். 30 கன அடி.

அமெரிக்காவில் விறகை இப்படிக் கன அளவில்தான் விற்கிறார்கள். நாலடிக்கு நாலடிக்கு எட்டடி, 128 கன அடி, அதற்கு 'கார்டு' என்று பெயர். நம்மிடம் எடை. எது நியாயம் என்று நிறைய யோசித்தேன். கன அளவில் வாங்கினால் ஈரத்தால் ஏமாற மாட்டோம், ஏனென்றால் தண்ணீர் போனாலும் அடுக்கு பெரிதாகச் சுருங்காது. ஆனால் முருங்கைக்கும் புளிக்கும் ஒரே விலை கொடுத்துவிடுவோம். எடையில் வாங்கினால் மரத்தின் சாதி அவ்வளவு முக்கியமில்லை. நன்றாகக் காய்ந்த எந்த மரமானாலும் ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் தரும். கனமான மரம் குறைந்த இடத்தில் அதே சூட்டை வைத்திருக்கிறது, நின்று எரிகிறது, அவ்வளவுதான். எடைக்கு வாங்கும்போது நம்மை அடிப்பது ஈரம் ஒன்றுதான். அதனால் நம் ஊர் முறைக்கு ஈரத்தை அளக்கத் தெரிந்திருப்பது அவசியம் என்பது என் முடிவு.

எடைக் குறிப்புகள் இப்படிப் போயின. பிளந்த கட்டை இரண்டு வாரத்தில் 2,860. நாலு வாரத்தில் 2,700. ஆறில் 2,590. எட்டாவது வாரம், ஏப்ரல் முதலில், 2,520. இலக்கைத் தாண்டிவிட்டது, ஈரம் 19. அன்றைக்கு உருளைக் கட்டையைத் தூக்கி வைத்தால் 2,780! நூற்றுக்கு 28-க்கு மேல் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரே மரம், ஒரே வெயில், ஒரே அடுக்கு. பட்டை மழைக்கோட்டு மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது, முனை இரண்டு வழியாக மட்டும்தான் நீர் வெளியேற முடிகிறது. கோடரி போட்ட மூன்று நாளுக்கு இதுதான் பலன்.

இதற்கு நடுவில் ஆன்லைனில் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்றும் வாங்கினேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், வாங்குகிறவர்கள் குழம்பக்கூடாது. வெளிப்பக்கம் குத்தினால் 13 காட்டியது. நம்பிவிடக்கூடாது. கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தில், நார் ஓடும் திசையில் குத்தினால் 26. இன்னொன்று, இந்தக் கருவி தண்ணீரை வெறும் மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. மொத்த எடையில் நூற்றுக்கு 20 என்பது இதில் 25 என்று வரும். 30-க்கு மேல் காட்டும் எண்ணை ஒரு திசைகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மே மாதம் ஒரு தப்புச் செய்தேன். கோடை மழை வருகிற மாதிரி இடி இடித்தது என்று தார்ப்பாயை அடுக்கின் நாலு பக்கமும் தரை வரை இழுத்துப் போர்த்திக் கல் வைத்துவிட்டேன். மழை ஒரு ராத்திரிதான். நான் பாயை எடுக்க நாலு நாள் ஆகிவிட்டது. திறந்தால் உள்ளே வேனல் புழுக்கம். பாயின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது, மேல் வரிசைக் கட்டைகளில் வெள்ளையாகப் பூசணம். அதோடு இரண்டு நட்டுவாக்காலி. அன்றிலிருந்து மேலே மட்டும் ஒரு தகரம், சரிவாக. பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. அடுக்கில் கைவிடுவதற்கு முன் கம்பால் தட்டுகிறேன்.

மே கடைசியில் மொத்த அடுக்கையும் சுமை சுமையாகக் கட்டி எடை போட்டோம். 392 கிலோ. 108 கிலோ காற்றோடு போயிருந்தது. 4,000 ரூபாயை 392-ஆல் வகுத்தால் கிலோ 10 ரூபாய் 20 பைசா. அண்ணாச்சி காய்ந்ததற்குச் சொன்ன 10 ரூபாய் ரொம்ப நியாயமான விலைதான்! ஆனால் கடையில் காய்ந்தது என்று வைத்திருந்ததில் ஒன்றைப் பிளந்து குத்தியபோது உள்ளே 34 காட்டியது. மொத்த எடையில் கால் பங்கு. உருளையாகவே கிடந்து காய்ந்த கட்டை அது. அண்ணாச்சியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே பொளந்து போட்டுத்தான் காயவைக்கணும் போல" என்றார்.

ஜூன் முதல் வாரம் எரித்துப் பார்த்தேன். ஒரே அடுப்பு, ஒரே குண்டான், 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீர், கொதி வரும் வரை. 15 அளவு ஈரம் உள்ள விறகு 1 கிலோ 750 கிராம் செலவானது, 27 நிமிஷம். கடையில் புதிதாக இறங்கிய பச்சை விறகு 2 கிலோ 900 கிராம், 48 நிமிஷம், அப்பத்தாவின் இருமலும் சேர்த்து. பச்சை விறகில் தண்ணீரைக் கழித்துவிட்டு வெறும் மரத்தை மட்டும் பார்த்தாலும் 1 கிலோ 885 வருகிறது. காய்ந்ததில் அது 1 கிலோ 490-தான். விறகுக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் அதே நெருப்புத்தான் வேலை செய்யவேண்டும். அடுப்பின் சூடும் இறங்கி, பாதி எரியாமல் புகையாகப் போய்விடுகிறது. பச்சை விறகு எரித்த குண்டானின் அடியில் பிசுபிசுவென்று ஒட்டிய கரியைத் தேய்க்கத் தனியாக அரை மணி நேரம் ஆனது. புகை குறைந்தது ஒன்றுக்காகவே இந்த வேலையெல்லாம் தகும் என்று நினைக்கிறேன். அறுபது வருஷமாக அந்தப் புகையைத் தின்றவர் அப்பத்தா.

நடுவில் மற்ற மரங்களையும் கைக்குக் கிடைத்தபடி பார்த்தேன். காற்றில் ஒடிந்த முருங்கையின் வில்லை 236 கிராம், ஓவனிலிருந்து வெளியே வந்தபோது 64. முக்கால் பங்கு தண்ணீர்! அதை விறகு என்று சொல்லவே மனசு வரவில்லை. சவுக்கு நேர்மாறு, அரைகுறை ஈரத்திலும் பிடித்துக்கொள்ளும். தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்க மட்டும். வாசல் வேம்பில் கழித்த கிளையைச் சமையல் அடுப்பில் வைக்க அப்பத்தா விடவில்லை. அம்மன் மரம். வெந்நீர் அடுப்புக்கு ஒத்துக்கொண்டார். அரளிக் குச்சி மட்டும் எந்த அடுப்புக்கும் ஆகாது, புகையே விஷம். வேலி கழித்துப் போட்ட குவியலில் அது கலந்திருக்கும், பார்த்துப் பொறுக்கவேண்டும்.

ஆடி பிறந்ததும் நான் எதிர்பார்க்காதது நடந்தது. மே மாத வெயிலில் உருளைக் கட்டை 2,640-இல் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. ஆடிக் காற்று மேற்கேயிருந்து வீச ஆரம்பித்து நாலு வாரத்தில் 2,500-க்கு வந்துவிட்டது. பிளந்த கட்டை 2,290. ஈரம் 11-க்குக் கீழே. காயவைப்பதில் வெயிலுக்கு நிகராகக் காற்றுக்கும் பங்கு உண்டு என்பதை அந்த நாலு வாரத்தில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். மேற்கைப் பார்த்து அடுக்கியது அப்போது பலன் கொடுத்தது.

அப்பத்தாவிடம் தராசு கிடையாது. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். காய்ந்தது ணங்கென்று கேட்கும், ஈரம் இருந்தால் தொப்பென்று விழும். முனையில் சக்கரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை கையோடு வருகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் பத்துக் கட்டையைக் கலந்து கொடுத்து, காய்ந்தது எது என்று பிரிக்கச் சொன்னேன். ஒன்பதைச் சரியாகப் பிரித்தார். பத்தாவது கட்டை அந்த உருளை. அதன் பட்டையைக் கிள்ளிப் பார்த்து, "இது உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, நீயே நிறுத்துக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்போது ஆவணி. மீனாட்சியம்மன் கோவிலில் சொக்கநாதர் விறகு விற்ற லீலை நடந்த மறுநாள் போய் அடுத்த லோடு சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை 200 கிலோ புளி. முறுக்கிப் பின்னிய நார், பிளக்கப் படாதபாடு படுத்தும். ஆனால் செங்கல் சூளைக்காரர்கள் தேடித்தேடி வாங்கிய மரம், கங்கு எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆசை. ஐப்பசி மழைக்கு முன்னால் இது காயாது, அடுத்த மாசிவரை விட்டுவிடப்போகிறேன். பழைய அடுக்குத்தான் இந்த மழைக்காலத்துக்கு.

புளியின் முதல் வில்லை காலையில் 264 கிராம். ஓவனில் இருக்கிறது. சாயங்காலம் எடுத்து நிறுத்துவிட்டு, இலக்கு எடைகளை எழுதப் பெயிண்டைக் கலக்கவேண்டும்.